வீடியோ கேம்: பெட்டியா, கைப்பேசியா, மேகமா?

பள்ளி விடுமுறையும் தீபாவளி போனசும் நெருங்கி வரும் நாள்களில் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அப்பா, பிளேஸ்டேஷன் வாங்கலாமா?" என்று மகன் கேட்பான். "கையிலதான் போன் இருக்கே, அதுல விளையாடு" என்பார் அப்பா. இடைநிலைப்பள்ளி முடித்த மூத்த மகள் குறுக்கே புகுந்து, "இப்பல்லாம் பெட்டியே வேணாம்பா, கிளவுட்ல விளையாடலாம்" என்பாள். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று வழிகளின் செலவு வேறு, தேவை வேறு, ஏமாறும் இடமும் வேறு. போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

மைக்ரோ ஜீனியஸ் காலம்

இன்று நாற்பது வயதைத் தொட்ட தோட்டத்துப் பிள்ளைகளிடம் முதல் வீடியோ கேம் எது என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் மைக்ரோ ஜீனியஸ். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. அசல் பெட்டி நம் கைக்கு எட்டாத காலத்தில், நகல் பெட்டி லயத்து வீட்டுத் தொலைக்காட்சி வரை வந்து சேர்ந்தது. ஒரே கேசட்டில் 64 விளையாட்டு இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதில் பாதி ஒரே விளையாட்டின் வெவ்வேறு கட்டமாக இருக்கும். டாங்கிச் சண்டை, மாரியோ, காண்ட்ரா ஆகிய மூன்றும் இருந்தால் போதும், வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். காண்ட்ராவில் 30 உயிர் பெறுவதற்கான பொத்தான் வரிசையை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தவர்கள் பலர்.

கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி வாயால் ஊதுவது அன்றைய வைத்தியம். உண்மையில் ஊதியதால் அது சரியாகவில்லை. கழற்றி மறுபடியும் மாட்டும்போது உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம். ஊதியபோது போன எச்சில் ஈரம் அந்த முனைகளை மெல்ல அரித்துக்கொண்டிருந்தது.

பின்னர் 1994இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது. 2000இல் அதன் இரண்டாம் தலைமுறை. உலகில் மிக அதிகமாக விற்ற விளையாட்டுப் பெட்டி இன்றும் பிளேஸ்டேஷன் 2தான். 15 கோடிக்கும் மேல் விற்றது. பசார் மாலாமில் குவித்து வைத்து விற்ற திருட்டுத் தட்டுகள்தாம் அதை நம் ஊர்களில் பரப்பின என்பதை மறைக்கத் தேவையில்லை. வின்னிங் இலெவன் காற்பந்தை விளையாடியே நட்பு வளர்த்தவர்கள் ஒரு தலைமுறை. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அதே காலத்தில் சைபர் காபே இருந்தது. மணிக்கு இரண்டு, மூன்று வெள்ளி கட்டணத்தில் கவுண்டர் ஸ்டிரைக்கும் டோத்தாவும் ஆடிய அந்தக் கூட்டத்திலிருந்து வந்த மலேசிய அணிகள் உலக மேடை வரை போயின. 2013இல் அமெரிக்காவில் நடந்த டோத்தா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பிடித்தது.

பெட்டி வாங்கினால்

இன்று சந்தையில் முன்னிற்பவை 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, 2017இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச், அதற்கு அடுத்ததாக 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 ஆகியவை. பிளேஸ்டேஷன் 5 தட்டு போடும் வசதியோடு வேண்டுமென்றால் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டு ஒவ்வொன்றும் முந்நூறு வெள்ளியை நெருங்கும். பெட்டியின் விலையை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு வாங்குவது, அடுப்பை வாங்கிவிட்டு அரிசிக்குக் காசில்லாமல் நிற்பதைப் போன்றது.

ஆனாலும் அண்ணன், தம்பி, மச்சான் என்று ஆள் நிறைந்த வீட்டுக்குப் பெட்டியே லாபம். காரணம் எளிமையானது. ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி இருந்தால் நான்கு பேர் மாறி மாறி ஆடலாம். முடித்த தட்டை லோயாட் பிளாசா போன்ற இடங்களிலுள்ள கடைகளிலோ நண்பரிடமோ விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்கலாம். இந்தச் சுழற்சியைத் தெரிந்துகொண்டவர்கள் ஆண்டுக்கு இரண்டு தட்டுக் காசிலேயே எட்டு விளையாட்டு முடிக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இல் 'டிஜிட்டல்' என்று பெயர் போட்ட வகை விலை குறைவு. ஆனால் அதில் தட்டுப் போடும் வாய் கிடையாது. எல்லா விளையாட்டையும் சோனியின் இணையக் கடையில்தான் வாங்க வேண்டும். பழைய தட்டு வாங்கவும் முடியாது, முடித்ததை விற்கவும் முடியாது. முதல் நாள் மிச்சமான சில நூறு வெள்ளி ஓராண்டிலேயே வேறு வழியில் போய்விடும். 2023 இறுதியில் வந்த மெலிந்த வடிவத்தில் தட்டு இயக்கியைப் பின்னர் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல். சுவிட்ச் 2இலும் கவனம் தேவை. அதற்கு வரும் அட்டைகளில் சிலவற்றில் விளையாட்டே இருக்காது. அது வெறும் சாவிதான். அதைச் செருகிவிட்டு முழு விளையாட்டையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும், படிக்காமல் வாங்குபவர்கள்தாம் அதிகம்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். தட்டு படிக்கிறதா, கைப்பிடியின் குமிழைத் தொடாமல் விட்டால் திரையில் ஆள் தானாக நகர்கிறானா, பழைய உரிமையாளரின் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். இணையத்துடன் இணைத்துக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் வந்துவிடலாம். முடக்கப்பட்ட பெட்டி இணையம் வரும்போதுதான் குட்டை வெளிப்படுத்தும்.

இடி மின்னலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலை மழை வழக்கமாக உள்ள நம் நாட்டில், சுவிட்சை அணைத்துவிட்டால் மட்டும் பெட்டி தப்பாது. மின்செருகியைப் பிடுங்குவதோடு இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்சாரக் கம்பியை விட்டுவிட்டு இணையக் கம்பி வழியாக வந்து பெட்டியைத் தின்ற மின்னல் உண்டு.

கைப்பேசி: இலவசத்தின் விலை

1997இல் நோக்கியா 6110இல் வந்த பாம்பு விளையாட்டுக்கு யாரும் காசு கட்டவில்லை. இன்று கைப்பேசி விளையாட்டுகளும் பெரும்பாலும் இலவசம் என்றே வருகின்றன. இரண்டு இலவசத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதலில் நல்லதைப் பார்க்கலாம். மொபைல் லெஜண்ட்ஸ் 2016இல் வந்தது. ஐந்து பேர் அணிக்கு எதிராக ஐந்து பேர் அணி, ஓர் ஆட்டம் பத்து முதல் இருபது நிமிடம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடுகிறது. அதனால்தான் தென்கிழக்காசியா முழுவதும் அது வேரூன்றியது. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கான விளையாட்டாகவே அது இடம்பெற்றது. அதன் முதல் உலகப் போட்டி அதே ஆண்டு கோலாலம்பூரில் நடந்தது. 2024இல் ஆறாவது உலகப் போட்டியும் இங்கேயே நடந்தது. அதே 2024இல் ரியாத்தில் நடந்த எம்எஸ்சி போட்டியில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடியது. "போனை நோண்டிக்கிட்டே இருக்கான்" என்று திட்டும் அம்மாக்களுக்குப் பிள்ளைகள் எடுத்துக்காட்டும் செய்தி அது. அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதைப் பிள்ளைகள் சொல்வதில்லை.

தொடுதிரைக்கு ஒரு குறை உண்டு. காற்பந்து விளையாட்டைப் பெட்டியிலும் கைப்பேசியிலும் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பெட்டியின் கைப்பிடியில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கண் திரையிலேயே இருக்கலாம். கைப்பேசியில் பொத்தான் கண்ணாடிக்குள் வரைந்த படம். விரலுக்குத் தடம் கிடைக்காது. அதோடு கட்டை விரல்கள் இரண்டும் திரையின் கணிசமான பகுதியை மறைத்துக்கொள்ளும். ஆகவே வேகமாக ஓடிக் குதிக்கும் விளையாட்டுகள் கைப்பேசியில் பாதிச் சுவைதான். சதுரங்கம், சீட்டு, புதிர் ஆகியவற்றுக்குத் தொடுதிரையே மேல். பிளேஸ்டேஷன் 4, 5 கைப்பிடிகளைப் புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டு அதை ஏற்றுக்கொண்டால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருவோம். கடை வாசலில் காசு போட்டுத் திருகினால் பொம்மை உருண்டை விழும் இயந்திரத்தைப் பார்த்திருப்போம். ஜப்பானியர்கள் அதைக் 'கச்சாபோன்' என்பார்கள். அந்த இயந்திரத்தைக் கைப்பேசிக்குள் வைத்ததுதான் 'கச்சா' முறை. 2020இல் வந்த கென்ஷின் இம்பேக்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதன் கணக்கு வெளிப்படையானது. ஐந்து நட்சத்திரப் பொருள் ஒருமுறை இழுத்தால் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. அதாவது ஆயிரம் தடவைக்கு ஆறு. 90 தடவைக்குள் ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட பாத்திரமாகத்தான் இருக்கும் என்று அந்த விதி சொல்லவில்லை. பொறுமையோடு ஆடினால் காசு செலவழிக்காமலும் ஆடலாம். பொறுமை இல்லாத பதின்மூன்று வயதுக்காகத்தான் அந்தப் பளபளப்பும் ஓசையும். இதே காரணத்துக்காக இத்தகைய குலுக்கல் பெட்டிகள் பலவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

பணம் போகும் வழிகளைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். வங்கி அட்டை இணைத்திருந்தால் அதிலிருந்து போகும். மின்பணப்பை இணைத்திருந்தால் அதிலிருந்து போகும். எதுவும் இணைக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தால், முன்கட்டணச் சிம் கார்டின் டாப்-அப் இருப்பிலிருந்தும் கழிக்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் அமைப்புக்குள் சென்று, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு மாற்றிவிடலாம். பிள்ளையின் கைப்பேசியைக் கூகிளின் ஃபேமிலி லிங்க்கில் சேர்த்தால் ஒவ்வொரு கொள்முதலும் அப்பா அம்மாவின் ஒப்புதலுக்கு வரும். ஐபோனிலும் 'கேட்டு வாங்கு' என்னும் இதே ஏற்பாடு குடும்பப் பகிர்வுக்குள் இருக்கிறது. இரண்டையும் அமைக்கக் கால் மணி நேரம் ஆகும். கடவுச்சொல் பிள்ளையின் பிறந்தநாளாக இல்லாதவரை பலன் உண்டு.

மேகத்தில் விளையாடுவது

கிளவுட் என்னும் மேக விளையாட்டில் உங்கள் வீட்டுக் கருவி எதையும் கணக்கிடுவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் பெரிய கணினியில் விளையாட்டு ஓடுகிறது. அங்கிருந்து படம் மட்டும் யூடியூப் காணொளி போல உங்கள் திரைக்கு வருகிறது. நீங்கள் அழுத்தும் பொத்தான் அங்கே போகிறது. பழைய மடிக்கணினியிலும் புத்தம் புதிய விளையாட்டை ஆட முடியும் என்பது இதன் கவர்ச்சி.

சிக்கல், போய் வரும் நேரத்தில். நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 17 மில்லிநொடி. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். தரவு மையம் சிங்கப்பூரில் இருந்தால் கோலாலம்பூருக்குச் சுமார் 300 கிலோமீட்டர். போய்வர மூன்று மில்லிநொடிதான் கம்பியின் பங்கு. அதுவே தோக்கியோவில் இருந்தால் போய்வர 50 மில்லிநொடிக்கு மேல். அதாவது நீங்கள் பார்ப்பது மூன்று படம் பழசு. இதற்கு மேல் படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம், வீட்டு வைஃபையில் தேங்கும் நேரம், தொலைக்காட்சி தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேரும். கதை சொல்லும் விளையாட்டில் இது தெரியாது. சண்டையிலும் காற்பந்திலும் பந்து போன பிறகுதான் கால் நீளும்.

அடுத்தது தரவு. என்விடியா நிறுவனம் தன் ஜீஃபோர்ஸ் நவ் சேவையில் 720பி படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகமும் 1080பி படத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகமும் வேண்டும் என்கிறது. 15 எம்பிபிஎஸ் முழுவதும் பயன்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி ஆகும். மாதம் 50 ஜிபி என்று வாங்கிய கைப்பேசித் திட்டம் ஏழரை மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டுக்கு ஃபைபர் வந்த தாமான்களுக்குக் கவலையில்லை. செம்பனைக்கு நடுவே ஒற்றைக் கோபுரத்தை நம்பி, மாலையில் எல்லாரும் வேலை முடிந்து வந்தவுடன் வேகம் இறங்கும் தோட்டங்களுக்கு இது இன்னும் எட்டாத கனிதான். அங்கே கிளவுட்டை நம்பிச் சந்தா கட்டுவதைவிட பழைய பெட்டி ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

நிலைத்தன்மை என்று ஒன்றும் இருக்கிறது. 2010இல் தொடங்கிய ஆன்லைவ் 2015இல் மூடப்பட்டது. கூகிள் 2019 நவம்பரில் ஸ்டேடியாவைத் தொடங்கி 2023 ஜனவரியில் மூடியது. விளையாட்டுகளுக்குக் கட்டிய பணத்தைக் கூகிள் திருப்பிக் கொடுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று எல்லா நிறுவனமும் நினைக்கும் என்று சொல்வதற்கில்லை. மைக்ரோ ஜீனியஸ் கேசட் இன்னும் யார் வீட்டு அலமாரியிலாவது கிடக்கும். மேகத்தில் வாங்கியது மேகத்தோடு கலைந்துவிடும்.

மலேசியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு யூடியூப் காணொளியில் காட்டும் சேவை எல்லாம் இங்கே இல்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் உயர்ந்த படி மேலை நாடுகளில் 'பிரீமியம்'. அதில் மேக விளையாட்டு உண்டு. இங்கே அதற்குப் பதிலாக 'டீலக்ஸ்' வந்தது. அதில் அது இல்லை. ஆண்டுச் சந்தா கட்டும் முன் அந்நிறுவனத்தின் மலேசியப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட வேண்டும்.

மேகத்தை முயன்றுதான் பார்ப்போம் என்பவர்கள் மாதச் சந்தாவோடு தொடங்கலாம். வைஃபையை விட்டுக் கம்பி இணைப்பில் ஆடுவது நல்லது. கம்பி எட்டாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்சை விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறி, மோடம் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து ஆட வேண்டும். தொலைக்காட்சியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிடலாம். பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். வார நாள் மதியத்தில் சோதித்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

வாங்கும் முன் ருசி பார்க்க

ஒரு விளையாட்டு பிடிக்குமா என்று அறிய முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. கணினிக்கான ஸ்டீம் கடையில் விலை வெள்ளிக் கணக்கிலேயே இருக்கும். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எபிக் கடை வாரந்தோறும் ஏதாவது ஒரு விளையாட்டை இலவசமாகக் கொடுக்கிறது. எடுத்துக்கொண்டால் அது நம் கணக்கிலேயே இருக்கும். மைக்ரோசாப்டின் பிசி கேம் பாஸ் 2022இல் மலேசியாவுக்கு வந்தது. மாதக் கட்டணத்தில் பல விளையாட்டுகளை இறக்கி ஆடலாம். பிளேஸ்டேஷன் பிளஸ் டீலக்சில் சில விளையாட்டுகளைக் குறிப்பிட்ட மணி நேரம் சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. சந்தாவில் கிடைப்பவை சந்தா இருக்கும்வரைதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஸ்டீமில் எதை முதலில் வாங்கிப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: வெண்பா. கனடாவின் டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. கணினி, சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த தம்பதி, அங்கே பிறந்து தமிழிலிருந்து மெல்ல விலகும் மகன் கவின், அம்மா கொண்டுவந்த, கிழிந்து கறைபடிந்த சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. யாப்பிலக்கணத்தில் ஓசைக் கட்டு மிக இறுக்கமான பாவின் பெயரை அம்மாவுக்கு வைத்து, அப்பாவுக்குப் பாவலன் என்று பெயர் வைத்த குறும்பைத் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் உடனே ரசிப்பார்கள். 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், தனி விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன. வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதை அந்நியமல்ல.

முழுவதும் முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதனால் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் விதிப்படி திறந்தே இருக்கிறது. சிறு குழுவின் உழைப்புக்கு அப்படிச் செய்யாமல் இருப்பது முறை. முதல் கட்டத்தில் இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே புதிர். வேகமாகப் பொத்தான் அழுத்தும் பிள்ளைகள் அதில் இரண்டு மூன்று முறை தவறுவது உண்டு. அப்போது கைப்பிடியை அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுத்துப் பார்க்கலாம்.